நாய் ஓங்கரிக்குது, வாந்தி மட்டும் வரல: வயிறு முறுக்கிக்கிட்டா என்ன பண்ணணும்

பெரிய நாய் வளர்க்கறவங்க, கிரேட் டேனோ ஜெர்மன் ஷெப்பர்டோ டாபர்மேனோ ராட்வைலரோ செயின்ட் பெர்னார்டோ, எதுவா இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் மண்டைல ஏத்திக்கோங்க. நாய் வாந்தி எடுக்க திரும்பத் திரும்ப ட்ரை பண்ணுது, ஆனா சாப்பாடு எதுவும் வெளிய வரல, வெறும் வெள்ளை நுரையும் கோழையும்தான் கயிறு மாதிரி தொங்குதுன்னா அதை அஜீரணம்னு நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, சாவிய எடுங்க, வண்டிய எடுங்க. இப்ப உங்க நாய் அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருக்குன்னா மீதிய வண்டில போகும்போது வேற யாராச்சும் படிச்சு சொல்லட்டும்.

இதுக்கு டாக்டருங்க ஜிடிவின்னு சொல்லுவாங்க, பிளோட்டுன்னும் சொல்லுவாங்க, நாம சாதாரணமா வயிறு உப்பிக்கிச்சு, வயிறு முறுக்கிக்கிச்சுன்னு சொல்றதுதான். முதல்ல இரைப்பைல காத்து ரொம்பி ஊதிக்குது, அப்புறம் அந்த ஊதின இரைப்பை இருந்த இடத்துலயே சுத்திக்குது, சில நாய்ல கால் சுத்து, சில நாய்ல முழு சுத்து. மிட்டாய் பேப்பரை ரெண்டு முனையிலயும் முறுக்கி வெச்ச மாதிரி ஆயிடும், மேல உணவுக்குழாய் வழியா காத்து ஏப்பமா வர முடியாது, கீழ குடலுக்கும் போக முடியாது, ஆனா உள்ள காத்து சேந்துக்கிட்டே இருக்கும். அதனாலதான் ஓங்கரிச்சாலும் எதுவும் வரமாட்டேங்குது, வழியே அடைச்சுக்கிச்சு.

இதுல நாயைக் கொல்றது வயித்து வலி இல்ல. ஊதின இரைப்பை முதுகுத்தண்டுக்கு கீழ ஓடுற பெரிய ரத்தக்குழாயை அமுக்கிடுது, உடம்போட பின்பக்கத்துலேர்ந்து இதயத்துக்கு திரும்பி வர வேண்டிய ரத்தம் வர முடியல, இதயம் காலியா வேகமா அடிக்குது, நாய் ஷாக்குக்கு போயிடுது, அதாவது உடம்புக்கு ரத்தம் போதாம சரிய ஆரம்பிக்குது. இன்னொரு பக்கம் இரைப்பையோட சுவருக்கே ரத்தம் போகாம அது அழுக ஆரம்பிக்கும், பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற மண்ணீரலும் சேந்து இழுபட்டு முறுக்கிக்கும். இது எல்லாமே சில மணி நேரத்துக்குள்ள நடக்கறது. காலைல பார்த்துக்கலாம்னு படுத்தா காலைல நாய் இருக்காது, இதை பயமுறுத்தறதுக்காக சொல்லல.

எப்படி ஆரம்பிக்கும்னு சொல்றேன், ஏன்னா ஆரம்பத்துல பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது. ராத்திரி ஒரு ஒன்பது மணிக்கு சோறு கறி எல்லாம் நல்லாத்தான் சாப்டிருக்கும். பத்தரை மணிக்கு படுத்த இடத்துலேர்ந்து எந்திரிச்சு வாசல் கேட் பக்கம் போகும், திரும்பி வரும், உட்காரும், உடனே எந்திரிக்கும், படுக்கப் போற மாதிரி காலை மடக்கும் ஆனா படுக்காது. தோட்டம் இருந்தா புல்லைக் கடிக்கும். அப்புறம் கழுத்தை முன்னாடி நீட்டி, முதுகைக் கூனி, வயிறு உள்ள வெளிய போக ஹ்ஹக் ஹ்ஹக்னு ஒரு சத்தம், எல்லாம் வந்துடப்போகுதுன்னு நீங்க பேப்பரைத் தேடிக்கிட்டு ஓடுவீங்க, வந்து பார்த்தா தரைல ஒரு கை நுரை மட்டும் இருக்கும். கொஞ்ச நேரத்துல திரும்ப அதே. நடுவுல தன்னோட விலாப்பக்கத்தையே திரும்பித் திரும்பி பாக்கும், வாயிலேர்ந்து எச்சில் நிக்காம ஒழுகும், சில நாய் முன்னங்காலை கீழ நீட்டி பின்பக்கத்தை மட்டும் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கும். கூப்பிட்டா வாலாட்டும், அதைப் பார்த்து சரியாத்தான் இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, ஆரம்ப கட்டத்துல நடந்துதான் வண்டில ஏறும்.

வயிறு பெருசா வீங்கினாத்தான் இந்த வியாதின்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. நெஞ்சு ஆழமா இருக்கற நாய்ல இரைப்பை பாதிக்கு மேல விலா எலும்புக்கு உள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், அதனால உள்ள பயங்கரமா ஊதியிருந்தாலும் வெளிய ஒண்ணும் தெரியாமப் போகலாம், முடி அடர்த்தியா இருக்கற நாய்ல இன்னும் மோசம். கடைசி விலா எலும்புக்கு பின்னாடி ரெண்டு பக்கமும் கையை வெச்சுப் பாருங்க, இறுக்கமா கல்லு மாதிரி இருக்கா, விரலால சுண்டினா டொம் டொம்னு காத்து சத்தம் கேக்குதான்னு. கேட்டா கிளம்புங்க. கேக்கலைன்னாலும், ஓங்கரிச்சு ஒண்ணும் வராம இருந்தா, அப்பவும் கிளம்புங்க. அதனாலதான் நாய் நல்லா இருக்கற நாள்ல, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சாப்பிட்டப்புறம் ஒரு தடவை அதோட வயித்தை தடவிப் பழகி வெச்சுக்கச் சொல்றேன், இல்லன்னா ராத்திரி பதட்டத்துல எது நார்மல்னே தெரியாது.

ஈறு பாக்கறது பத்து செகண்ட் வேலை. மேல் உதட்டைத் தூக்கி கோரைப்பல்லுக்கு மேல இருக்கற ஈறை விரலால அமுக்கி விடுங்க, அமுக்கின இடம் வெளுத்துட்டு ரெண்டு செகண்டுக்குள்ள பழைய ரோஸ் கலருக்கு வந்துடணும். வரல, இல்ல ஈறே வெளுத்தோ செங்கல் கலராவோ நீலம் பாஞ்சோ இருக்குன்னா ஷாக் ஆரம்பிச்சாச்சு. ஈறு கருப்பா இருக்கற நாய்னா கீழ் இமையை லேசா இழுத்து உள்பக்கம் பாருங்க. தொடையோட உள்பக்கம் விரலை வெச்சா துடிப்பு கிடைக்கும், பெரிய நாய் சும்மா நிக்கும்போதே நிமிஷத்துக்கு 120க்கு மேல அடிச்சா அது நல்லதுக்கில்ல. ஆனா இதை எல்லாம் பாத்து முடிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருக்காதீங்க, ஒருத்தர் ஈறு பாக்கட்டும், இன்னொருத்தர் போன் பண்ணட்டும்.

போன்ல சுத்தி வளைக்காம சொல்லுங்க. "டாக்டர், கிரேட் டேன், ஆறு வயசு, 55 கிலோ, ஒன்பது மணிக்கு சாப்டுச்சு, பத்தரைலேர்ந்து ஓங்கரிக்குது ஒண்ணுமே வரல, ஜிடிவியா இருக்குமோன்னு பயமா இருக்கு, கிளம்பிட்டோம், இப்ப எக்ஸ்ரே இருக்கா, ஆபரேஷன் பண்ற டாக்டர் இருக்காங்களா?" இவ்வளவுதான். கடைசி கேள்விதான் முக்கியம், ஏன்னா பக்கத்துத் தெரு கிளினிக் திறந்திருக்கும், ஊசி போடுவாங்க, ஆனா மயக்க மருந்து குடுத்து வயித்தைத் திறக்கற வசதி இல்லன்னா அங்க போய் ஒரு மணி நேரம் போச்சு. அதே சமயம் ஆபரேஷன் பண்ற இடம் ரெண்டு மூணு மணி நேர தூரம்னா பக்கத்து டாக்டர்கிட்ட நிறுத்தி, காத்தை மட்டுமாவது இறக்கி முன்னங்கால்ல ட்ரிப் ஏத்தி அனுப்புங்கன்னு கேளுங்க, அது வழியில உயிரைப் பிடிச்சு வெக்கும். முன்னங்கால்னு குறிப்பா சொல்றதுக்கு காரணம் இருக்கு, பின்னங்கால்ல ஏத்துற தண்ணி அந்த அமுங்கிப்போன குழாயைத் தாண்டித்தான் இதயத்துக்கு போகணும்.

இப்ப குடுக்கக் கூடாதது. நம்ம வீடுகள்ல இதுலதான் நேரம் போகுது.

ஈனோ கரைச்சு ஊத்தாதீங்க. அது சோடாவும் சிட்ரிக் ஆசிட்டும் சேந்து காத்தை உண்டாக்கறது, மனுஷனுக்கு அந்தக் காத்து ஏப்பமா வெளிய வந்துடும், இந்த நாய்க்கு வழியே அடைச்சிருக்கு, ஏற்கனவே வெடிக்கப்போற மாதிரி இருக்கற பைக்குள்ள இன்னும் காத்தை ஏத்துறீங்க. ஜெலூசில், டைஜீன், காத்துக்கு போடற சிமெத்திகோன் சொட்டு மருந்து, இதெல்லாம் முறுக்கைப் பிரிக்காது, அரை மணி நேரம் பார்ப்போமேன்னு உங்களை உட்கார வெச்சுடும், அதுதான் அதோட கெடுதல். வாந்தி நிக்கற மாத்திரை வேண்டாம். உப்புத் தண்ணி, ஹைட்ரஜன் பெராக்சைடுன்னு வாந்தி எடுக்க வைக்கற வேலையும் வேண்டாம். பாட்டி ஓமத் தண்ணி கொடுன்னு சொல்லுவாங்க, பெருங்காயத்தை மோர்ல கரைச்சுக் கொடுன்னு சொல்லுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, ஆனா இப்ப வாய் வழியா எதுவுமே வேண்டாம், தண்ணி கூட. ஓங்கரிச்சுக்கிட்டு இருக்கற நாய் வாயில எதை ஊத்தினாலும் அது நுரையீரலுக்கு போக வாய்ப்பு அதிகம்.

மாடு வெச்சிருக்கற வீட்டுல இன்னொரு யோசனை வரும். மாட்டுக்கு வயிறு உப்புசம் வந்தா எண்ணெய் ஊத்துவாங்க, முத்திப்போனா இடது பக்கம் குத்தி காத்தை எடுப்பாங்க, அதைக் கண்ணால பாத்தவங்க நாய்க்கும் அதேதானேன்னு நினைக்கறது சகஜம். மாட்டுல நுரைச்ச உப்புசத்துக்கு எண்ணெய் நுரையை உடைக்கும், அதனால அங்க வேலை செய்யுது. நாய்க்கு நடந்திருக்கறது முறுக்கு, அதை எந்த எண்ணெயும் பிரிக்காது. ஊசி குத்தற வீடியோ யூட்யூப்ல பாத்துட்டு வீட்டுல ட்ரை பண்ணாதீங்க, டாக்டர் குத்தும்போது தட்டிப் பாத்து காத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு குத்தறாங்க, முறுக்கின வயித்துல மண்ணீரல் எந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்னு நமக்குத் தெரியாது, அதுல குத்திட்டா உள்ளயே ரத்தம் கொட்டும்.

தூக்கிட்டுப் போறது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், 50 கிலோ நாய் சரிஞ்சு விழுந்தப்புறம்தான் கஷ்டம் தெரியும். நடக்க முடிஞ்சா மெதுவா நடக்க விட்டு ஏத்துங்க, குதிக்க விடாதீங்க. முடியலைன்னா கெட்டியான பெட்ஷீட், ஜமுக்காளம், எது கைல கிடைக்குதோ அதுல நகர்த்திப் படுக்க வெச்சு நாலு முனையும் பிடிச்சுத் தூக்குங்க, வயித்துக்கு கீழ கை குடுத்து மட்டும் தூக்காதீங்க. வாயைக் கட்டாதீங்க, ஓங்கரிக்கற நாய்க்கு வாயைக் கட்டினா மூச்சே போயிடும், ஆனா வலில இருக்கற நாய் வீட்டு ஆளையே கடிக்கும், முகத்தை அதோட முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. பின் சீட்டுல அதுக்கு எப்படி வசதியோ அப்படி நிக்கட்டும் படுக்கட்டும், ஏசி போட்டு விடுங்க. ராத்திரி நேரத்துல ஆட்டோவும் கால் டாக்ஸியும் இவ்வளவு பெரிய நாயைப் பாத்தா நிக்காமப் போயிடறது உண்டு, அதனால கார் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரர் யாராச்சும் ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்லி வைங்க, "அண்ணே, நாய்க்கு ராத்திரி எதாச்சும்னா உங்களைத்தான் எழுப்புவேன்"னு. 1962னு கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் ஒண்ணு இருக்கு, நல்ல சேவைதான், ஆனா இந்தக் கேஸுக்கு அதை நம்பி காத்திருக்கறதை விட கைல இருக்கற வண்டில கிளம்பறதுதான் புத்திசாலித்தனம்.

எங்க போறது? சென்னைன்னா வேப்பேரி மெட்ராஸ் வெட்டர்னரி காலேஜோட டீச்சிங் ஹாஸ்பிட்டல் எல்லாருக்கும் தெரியும். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருக்கறவங்களுக்கு அங்க இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரிங்க இருக்கு. இது போக பெரிய ஊர்கள்ல ராத்திரியும் திறந்திருக்கற பிரைவேட் ஹாஸ்பிட்டல் ஒண்ணு ரெண்டாவது இருக்கும். போர்டுல 24 மணி நேரம்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பாதீங்க, ஒரு நாள் சாவகாசமா போன் பண்ணி "ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஜிடிவி கேஸ் வந்தா ஆபரேஷன் பண்ணுவீங்களா, சர்ஜன் வீட்டுலேர்ந்து வரணுமா, எவ்வளவு நேரம் ஆகும்"னு நேரடியா கேளுங்க. ஆமான்னு சொன்ன ரெண்டு இடத்தோட நம்பரை போன்லயும் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயும் எழுதி ஒட்டுங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப நாயைப் பாத்துக்கறவங்களுக்கும் அது வேணும்.

ஹாஸ்பிட்டல்ல என்ன நடக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா கையெழுத்து போட பயம் குறையும். முன்னங்கால்ல பெரிய ஊசியா ரெண்டு போட்டு வேகமா ட்ரிப் ஏத்துவாங்க, காத்தை இறக்குவாங்க, அது வாய் வழியா ட்யூப் விட்டும் இருக்கலாம், வெளியிலேர்ந்து ஊசி குத்தியும் இருக்கலாம். வலது பக்கம் படுக்க வெச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க, முறுக்கியிருந்தா அந்தப் படத்துல காத்து ரெண்டு அறையா பிரிஞ்சு நடுவுல ஒரு கோடு தெரியும், கேட்டா காட்டுவாங்க. வெறும் உப்புசமா முறுக்கான்னு உறுதியா சொல்றது அந்தப் படம்தான், வெளிய பாத்து யாராலயும் சொல்ல முடியாது. நாய் தீவன மூட்டையைக் கிழிச்சு அஞ்சு கிலோ தின்னுட்டு வயிறு உப்பிப் போய் நின்னாலும் இதே மாதிரித்தான் தெரியும், அதுக்கும் அதே ஓட்டம்தான் ஓடணும். சில இடத்துல ரத்தத்துல லாக்டேட் பாப்பாங்க, உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாதப்ப ஏறுற பொருள் அது, லிட்டருக்கு 6 மில்லிமோலுக்கு கீழ இருந்தா நம்பிக்கை அதிகம்.

இந்த இடத்துலதான் ஒரு பெரிய தப்பு நடக்குது. ட்யூப் போட்டு காத்து இறங்கின உடனே நாய் எந்திரிச்சு நிக்கும், வாலாட்டும், முகமே மாறிடும், வீட்டுக்காரங்களுக்கு அப்பாடான்னு இருக்கும், ஆபரேஷன் வேண்டாம் டாக்டர் வீட்டுக்கு கூட்டிட்டுப் போறோம்னு கிளம்பிடுவாங்க. ட்யூப் உள்ள போச்சுங்கறதாலயே முறுக்கு இல்லன்னு ஆகாது, முறுக்கின இரைப்பைக்குள்ளயும் சில சமயம் ட்யூப் போகும். முறுக்கு இருந்து காத்தை மட்டும் எடுத்தா அந்த நேரத்துக்கு மூச்சு விடுது, அவ்வளவுதான், உள்ள சுவர் அழுகறது நிக்கல. படத்துல முறுக்கு தெரிஞ்சா ஆபரேஷன்தான் வைத்தியம், அதுக்கு மாத்து இல்ல.

ஆபரேஷன்ல இரைப்பையைப் பிரிச்சு அதோட இடத்துல வெச்சு, நிறம் பாப்பாங்க. பிரிச்சப்புறம் ரோஸ் கலர் திரும்ப வந்தா நல்லது, கருப்பாவோ சாம்பல் பச்சையாவோ நிக்கற பகுதியை வெட்டி எடுக்கணும், மண்ணீரல் கெட்டிருந்தா அதையும் எடுப்பாங்க. கடைசியா இரைப்பையை வலது பக்க வயித்துச் சுவரோட சேத்து தெச்சு விடுவாங்க, அதுக்குப் பேர் கேஸ்ட்ரோபெக்ஸி. இதை செய்வீங்கதானேன்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, இது செய்யாம விட்டா பாதிக்கு மேல நாய்களுக்கு திரும்ப வந்துடுது, செஞ்சா நூத்துக்கு அஞ்சுக்கும் கீழதான். ஆபரேஷன் வரைக்கும் போற நாய்கள்ல நூத்துக்கு 70லேர்ந்து 90 வரைக்கும் பொழைச்சுக்குது, இரைப்பையோட ஒரு பகுதி செத்துப்போயிருந்தா இந்த வாய்ப்பு இறங்கும், அது ஏன்னா பெரும்பாலும் லேட்டா வந்ததால. செலவு ஆயிரக்கணக்குல ஆகும், பிரைவேட்னா பல பத்தாயிரம், அதை வாசல்ல நின்னு யோசிக்காம பெரிய நாய் வாங்கின அன்னைக்கே தனியா கொஞ்சம் எடுத்து வைக்க ஆரம்பிக்கறது நல்லது. வயசான நாய், இரைப்பை முக்கால்வாசி போயிடுச்சு, டாக்டர் வலியில்லாம அனுப்பிடலாம்னு சொல்றாங்கன்னா அதுவும் ஒரு வைத்தியம்தான், வீட்டுக்கு கூட்டிட்டு வந்து விதி விட்ட வழின்னு கிடத்தறதுதான் கொடுமை.

ஆபரேஷன் முடிஞ்சா முடிஞ்சுதுன்னு இல்ல. முதல் மூணு நாள் இதயத்துடிப்பு தாறுமாறா போக வாய்ப்பு இருக்கு, அதனாலதான் இசிஜி வெச்சு உள்ளயே வெச்சுக்கறேன்னு சொல்லுவாங்க, பில்லை ஏத்தறாங்கன்னு சந்தேகப்படாதீங்க. வீட்டுக்கு வந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குழைஞ்ச சாப்பாடு, தையலை நக்காம கழுத்துல கோன், ரெண்டு வாரத்துக்கு படி, குதி, ஓட்டம் எதுவும் கிடையாது.

வராம பாத்துக்கறதுல எது நம்ம கைல இருக்குன்னா முதல்ல சாப்பாடு. நம்ம ஊர்ல பெரிய நாய்க்கு ராத்திரி ஒரே வேளை, பேசின் நிறைய சோறும் சிக்கன் வேஸ்ட்டும் போட்டு ஒரு நிமிஷத்துல காலி பண்ணுதுன்னு பெருமையா சொல்றவங்க நிறைய. ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் வேக வேகமா முழுங்கறது, ரெண்டுமே ரிஸ்க்கை ஏத்துது. அதே அளவை ரெண்டா மூணா பிரிச்சுக் குடுங்க, அவசரமா தின்னுற நாய்க்கு ஸ்லோ ஃபீடர் தட்டு, இல்ல அகலமான தாம்பாளத்துல பரப்பி போடுங்க, ரெண்டு நாய் இருந்தா தனித்தனி இடத்துல வைங்க, போட்டிலதான் முழுங்குது. அமெரிக்காவுல பர்டியூ யூனிவர்சிட்டிக்காரங்க ஆயிரத்துக்கும் மேல பெரிய நாய்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து 2000ல எழுதினதுல ஒரு ஆச்சரியம், உயரமான ஸ்டாண்டுல தட்டு வெச்சா நல்லதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க, அவங்க கணக்குல அப்படி வெச்ச நாய்களுக்குத்தான் அதிகமா வந்திருக்கு. டாக்டர் கழுத்து மூட்டு பிரச்சினைக்காக சொல்லாத வரைக்கும் தட்டு தரையிலயே இருக்கட்டும். சாப்பிட்டதும் ஓட விடக்கூடாதுங்கறதுக்கு ஆதாரம் அவ்வளவு கெட்டி இல்ல, ஆனா அதைக் கடைபிடிக்கறதுல நஷ்டமும் இல்ல. தண்ணியை மட்டும் தடுக்காதீங்க, நம்ம வெயிலுக்கு அது வேற ஆபத்து.

பயந்த சுபாவம் உள்ள நாய், டென்ஷன்ல இருக்கற நாய், இதுங்களுக்கும் அதிகமா வருதுன்னு பாத்திருக்காங்க. தீபாவளி வெடி நேரம், நாயை போர்டிங்ல விட்டுட்டு ஊருக்குப் போற நேரம், அப்பல்லாம் சாப்பாட்டை இன்னும் சின்னச் சின்னதா பிரிங்க, போர்டிங்காரங்ககிட்ட "ஓங்கரிச்சா எனக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஹாஸ்பிட்டலுக்கு கிளம்பிடுங்க, பணம் நான் போடறேன்"னு எழுதிக் குடுத்துட்டே போங்க. வயசு ஏற ஏற ரிஸ்க் ஏறும், அப்பா அம்மா கூடப் பொறந்தது யாருக்காச்சும் வந்திருந்தாலும் ஏறும், குட்டி வாங்கும்போது பிரீடர்கிட்ட இதைக் கேளுங்க, வந்த நாயை வெச்சு குட்டி போட வைக்காதீங்க. நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நெஞ்சு ஆழம் இடுப்பு ஒட்டல்னு அதே உடல்வாகுதான், நாட்டு நாய்க்கு ஒண்ணும் வராதுன்னு மெத்தனமா இருக்காதீங்க.

கிரேட் டேன் வெச்சிருக்கறவங்களுக்கு தனியா சொல்லணும், ஆயுசுல எப்பவாச்சும் இது வர வாய்ப்பு அந்த இனத்துக்கு நூத்துக்கு 40 கிட்ட. கருத்தடை ஆபரேஷன் பண்ணும்போதே கூடவே கேஸ்ட்ரோபெக்ஸியும் பண்ணிடுங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, ஒரே மயக்கத்துல முடிஞ்சுடும், சில இடத்துல சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்லயே பண்றாங்க. அது பண்ணின நாய்க்கும் வயித்துல காத்து ரொம்பலாம், முறுக்கறதுதான் பெரும்பாலும் நிக்கும், அதனால தையல் போட்ட நாய் ஓங்கரிச்சு ஒண்ணும் வரலைன்னாலும் அன்னைக்கு ராத்திரியே எக்ஸ்ரேக்கு கூட்டிட்டுப் போங்க.